அந்தப் பலகையைக் கழற்றியது யார்?

2016-ல் வந்த ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. காலம் 1961. வர்ஜீனியா மாநிலம் ஹாம்ப்டன் நகரில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம். கேத்தரின் ஜான்சன் என்ற கறுப்பினக் கணித நிபுணர் கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் அரை மைல் ஓடுகிறார். அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் கறுப்பினப் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து திரும்பியவரிடம், “இவ்வளவு நேரம் எங்கே போனாய்?” என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கத்துகிறார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கேத்தரினிடமிருந்து வெடித்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த மேலதிகாரி (நடித்தவர் கெவின் காஸ்ட்னர்) இரும்புக் கம்பியோடு போய் கழிப்பறை வாசலில் தொங்கும் ‘கறுப்பினப் பெண்களுக்கு’ என்ற பலகையை அடித்துப் பெயர்த்துப் போடுகிறார்.

எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று.

அந்த அதிகாரியே கற்பனை. உண்மையில் இருந்த பல மேலதிகாரிகளைக் கலந்து செய்த ஓர் ஆள். நிஜக் கேத்தரின் ஜான்சன் எங்கேயும் ஓடவில்லை. வெள்ளையர்களுக்கான கழிப்பறையில் பலகை எதுவும் தொங்காததால் அதற்கே போய்வந்தார். வெகுகாலம் கழித்து யாரோ அதைக் குறையாகச் சொன்னபோதும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கழிப்பறை தேடி அவமானப்பட்டவர் இன்னொரு நாயகியான மேரி ஜாக்சன். புதிதாக அனுப்பப்பட்ட கட்டடத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு, ‘உங்கள் கழிப்பறை எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்கிற பாவனையில் வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அது 1950-களின் தொடக்கம். 1958-ல் நாசா உருவானபோதே கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக இருந்த கணக்கீட்டுப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். படம் காட்டும் 1961-ல் காஸ்ட்னர் உடைப்பதற்கு லாங்லியில் அப்படி ஒரு பலகை இருந்திருக்க வழியில்லை.

ஆனால் அதே லாங்லியில் வேறொரு பலகை இருந்தது. 1940-களில் உணவுக்கூடத்தின் பின்பக்க மேஜை ஒன்றின்மேல், கறுப்பினக் கணக்கீட்டாளர்கள் உட்காரும் இடம் என்று எழுதிய ஓர் அட்டை. அங்கே வேலை பார்த்த மிரியம் மான் என்ற குள்ளமான பெண்மணி ஒருநாள் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி கைப்பைக்குள் போனது. வேலை போய்விடுமே என்று வீட்டில் கணவர் பயந்தார். ஒரு கட்டத்தில் புது அட்டை வருவது நின்றுபோனது. படத்துக்கு ஆதாரமாக இருந்த மார்கோ லீ ஷெட்டர்லியின் புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. படத்தில் மிரியம் மானுக்கு இடமில்லை.

இந்த இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றைச் சினிமாவில் படிப்பதில் என்ன சிக்கல் என்பது விளங்கிவிடும். சினிமாவுக்கு ஒரு நாள் வேண்டும், ஓர் ஆள் வேண்டும், சத்தம் வேண்டும். நிஜத்தில் நடந்தது மாதக்கணக்கில் இழுத்தது. சத்தமே இல்லை. அதைச் செய்தது கீழே இருந்த ஒரு பெண். பலகை போனது என்னவோ இரண்டிலும் உண்மைதான். ஆனால் நல்ல மனசுக்கார வெள்ளை அதிகாரி ஒருவர் உடைத்ததால் போனது என்று நம்புவதும், கறுப்பினப் பெண் ஒருவர் விடாப்பிடியாக எடுத்து எடுத்துப் பைக்குள் போட்டதால் போனது என்று தெரிந்துகொள்வதும் வேறு வேறு வரலாறுகள்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அமெரிக்காவின் போன நூற்றாண்டு சினிமா வழியாகத்தான் அறிமுகம். பள்ளிப் பாடத்தில் உலகப் போர்களும் பொருளாதாரப் பெருமந்தமும் சில பக்கங்கள் வந்திருக்கும். மற்றபடி வியட்நாம், வாட்டர்கேட், கென்னடி கொலை, நிலாப் பயணம் எல்லாம் திரையில் பார்த்தவைதான். அதில் தப்பொன்றும் இல்லை. எந்தப் படமும் பார்க்காமல், எதையும் படிக்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் படத்தில் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு.

முதல் அடையாளம்: பொருட்களை நம்பலாம், வாய்களை நம்பக் கூடாது. வாட்டர்கேட் ஊழலை இரண்டு இளம் நிருபர்கள் துப்புத் துலக்கியதைச் சொல்லும் ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ 1976-ல் வந்தது. அந்த ஊழலால் அதிபர் நிக்சன் பதவி விலகி (1974 ஆகஸ்ட் 9) இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ‘வாஷிங்டன் போஸ்ட்’ அலுவலகத்தில் படப்பிடிப்பு நடத்த முடியாததால் கலிஃபோர்னியாவில் அந்தச் செய்தி அறையை அச்சு அசலாகக் கட்டினார்கள். மேஜையின் நிறத்தைக்கூட விடவில்லை. அதோடு நிற்காமல், உண்மையான அலுவலகத்துக் குப்பைகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து செட்டில் பரப்பினார்கள். அப்பேர்ப்பட்ட படத்தில் வரும் மிகப் புகழ்பெற்ற வசனம், ரகசியத் தகவலாளி கார் நிறுத்துமிட இருட்டில் சொல்லும் ‘பணம் போகும் வழியைப் பின்தொடர்’ என்பது. நிருபர்கள் எழுதிய புத்தகத்தில் அந்த வாசகம் இல்லை. திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்டுமனின் கைவண்ணம். குப்பை நிஜம், வசனம் கற்பனை!

இன்றைக்கும் பத்திரிகைக்காரர்கள் அந்த வசனத்தை வாட்டர்கேட் காலத்து வேதவாக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். ‘அப்போலோ 13’ (1995) படத்தின் ‘ஹூஸ்டன், நமக்கு ஒரு பிரச்சினை’யும் இதே ரகம். 1970-ல் விண்வெளி வீரர்கள் சொன்னது ‘பிரச்சினை ஒன்று ஏற்பட்டது’ என்று இறந்தகாலத்தில். படம் அதை நிகழ்காலத்துக்கு மாற்றிக் கூர்மையாக்கியது. இது சின்ன விஷயம், போகட்டும்.

ஆனால் அந்தச் செய்தி அறையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரு பெயரைத் தேட ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்று எழுதிய சீட்டுகளை இருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். கேமரா மேலே மேலே போய் அவர்களை இரண்டு புள்ளிகளாக ஆக்கிவிடுகிறது. தட்டச்சு இயந்திரம், ஒரு தொலைபேசி, சிகரெட், கதவைத் தட்டினால் முகத்தில் அறைந்து சாத்தும் சாட்சிகள். 1972-ல் ஒரு தகவலைப் பிடிக்க எவ்வளவு உடல் உழைப்பு தேவைப்பட்டது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இப்படி உணர்த்தாது. ஒரு காலத்தின் வேகம் எவ்வளவு என்று காட்டுவதில் சினிமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சரி, தப்பான தகவல் படத்தில் இருந்தால் என்ன, புத்தகத்தில் படித்துத் திருத்திக்கொள்ள மாட்டோமா? மாட்டோம் என்கிறது ஒரு சோதனை. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் நடத்தியது, 2009-ல் வெளியானது. மாணவர்களுக்கு வரலாற்றுச் சம்பவங்களைப் பற்றிய சரியான கட்டுரைகளைக் கொடுத்தார்கள். அதே சம்பவங்களைப் பற்றிய படத் துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. படமும் கட்டுரையும் ஒத்துப்போன இடங்களில், படம் பார்த்தவர்கள் வெறுமனே படித்தவர்களைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் படம் கட்டுரைக்கு முரண்பட்ட இடங்களில் ஏறக்குறைய பாதித் தடவை படத்தின் தப்பான தகவலைத்தான் எழுதினார்கள். சரியானதை அவர்களே படித்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ‘படத்தில் தவறுகள் இருக்கலாம்’ என்று பொதுவாக எச்சரித்தது கொஞ்சமும் உதவவில்லை. இன்ன காட்சியில் இன்னது தவறு என்று பிட்டுப்பிட்டு வைத்தபோதுதான் பலன் இருந்தது.

‘இதெல்லாம் சினிமாதானே’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். குறிப்பிட்ட காட்சியைப் பிடித்து நோண்ட வேண்டும். எல்லாக் காட்சியையும் நோண்ட யாருக்கு நேரம்? நான் கையாளும் குறுக்கு வழி இது: நம்மைக் கைதட்டவோ கண்கலங்கவோ வைத்த காட்சி எதுவோ, அதை மட்டும் எடுத்துக்கொள்வேன். கதாசிரியர் அதிகமாக வேலை செய்திருக்கும் இடம் அதுதான். பலகை உடைந்த காட்சி, விமானம் கடைசி நொடியில் எழும்பும் காட்சி, எதிரியை ஒரே வாக்கியத்தில் வாயடைக்க வைக்கும் காட்சி. 2012-ல் வந்து ஆஸ்கர் வாங்கிய ‘ஆர்கோ’வில், தெஹ்ரானிலிருந்து தப்பிக்கும் அமெரிக்கத் தூதரக ஊழியர்களின் விமானத்தை ஓடுபாதையில் ஜீப்புகள் துரத்திக்கொண்டு வரும். உண்மையில் 1980 ஜனவரியில் அவர்கள் அதிகாலை விமான நிலையத்துக்குப் போனார்கள், விமானம் ஏறினார்கள், போய்விட்டார்கள். அவர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்து, கடவுச்சீட்டும் கொடுத்த கனடாக்காரர்களின் பங்கு படத்தில் சுருங்கிப்போயிற்று. அந்தத் திட்டத்தில் தொண்ணூறு சதவீதம் கனடாவுடையது என்று அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டரே பின்னால் சொன்னார்.

இன்னொரு விஷயம், ஒவ்வொரு வரலாற்றுப் படத்துக்கும் இரண்டு வருடங்கள் உண்டு. கதை நடக்கும் வருடம் ஒன்று, படம் எடுத்த வருடம் ஒன்று. முதலாவதைப் பற்றிப் படம் பொய் சொல்லலாம். இரண்டாவதைப் பற்றிப் பொய் சொல்லவே முடியாது.

மறுபடி ‘வாஷிங்டன் போஸ்ட்’டையே எடுத்துக்கொள்வோம். 1976 படத்தில் அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் கேத்தரின் கிரகாம் ஒரு பாத்திரமாக வரவே இல்லை. நிருபர்கள், ஆசிரியர்கள் என்று கதையின் மையத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். முதலாளியம்மாவின் பெயர் மட்டும் பேச்சில் அடிபடும். 41 வருடம் கழித்து, 2017-ல், அதே பத்திரிகையைப் பற்றி ‘த போஸ்ட்’ வந்தது. அதில் மெரில் ஸ்ட்ரீப் நடித்த கேத்தரின் கிரகாம்தான் மையம். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களான பென்டகன் பேப்பர்ஸை வெளியிடுவதா வேண்டாமா என்று, ஆண்கள் நிறைந்த அறையில் தனியாக முடிவெடுக்கும் பெண். 1971-க்கும் 2017-க்கும் நடுவில் கிரகாம் மாறவில்லை. கதையை யார் தலையில் கட்ட வேண்டும் என்பதில் அமெரிக்காவின் எண்ணம் மாறியிருந்தது. பத்திரிகைகளை வெளிப்படையாகத் திட்டும் அதிபர் ஒருவர் வெள்ளை மாளிகைக்கு வந்த முதல் வருடம் அது என்பதையும் சேர்த்துக்கொண்டால், படம் எந்த அவசரத்தில் வந்தது என்பது புரியும். போகிறபோக்கில் ஒரு குறை: அந்த ஆவணங்களை முதலில் வெளியிட்டது ‘நியூயார்க் டைம்ஸ்’, 1971 ஜூன் 13-ல். ‘போஸ்ட்’ ஐந்து நாள் பின்தங்கித்தான் வந்தது. படத்தில் ‘டைம்ஸ்’ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஆக, ஒரே பத்திரிகை பற்றிய இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன: எழுபதுகளின் தொடக்கம், 1976, 2017. எந்த ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தாலும் இது கிடைக்காது.

வியட்நாம் படங்களுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கோடு இன்னொரு கேள்வியும் தேவை: ஹெலிகாப்டரைக் கொடுத்தது யார்? கேலியாகக் கேட்கவில்லை. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் திரைப்படங்களுக்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. திரைக்கதையைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்தால் டாங்கி, ஹெலிகாப்டர், போர்க்கப்பல் எல்லாம் கிடைக்கும். நடிகர் ஜான் வெய்ன் அதிபர் ஜான்சனுக்கே கடிதம் எழுதி ராணுவ உதவியோடு எடுத்த ‘த கிரீன் பெரேஸ்’ 1968-ல், போர் உச்சத்தில் இருந்தபோது வந்தது. போரை வெளிப்படையாக ஆதரித்த படம். அதன் கடைசிக் காட்சியில் வியட்நாம் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் அஸ்தமிக்கும். வியட்நாமுக்குக் கடல் கிழக்கே அல்லவா இருக்கிறது! இயற்கையையே இப்படித் திருப்பிப் போட்டவர்கள் போரை விட்டுவைப்பார்களா என்று அந்தக் காலத்தில் கேலி செய்தார்கள்.

1979-ல் வந்த ‘அபாக்கலிப்ஸ் நவ்’வுக்குப் பென்டகன் உதவவில்லை. இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸுக்குப் போய், சர்வாதிகாரி மார்கோஸின் ராணுவ ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சில நாள் அந்த ஹெலிகாப்டர்கள் கிளம்பிப் போய்விடும், தெற்கே உண்மையான கிளர்ச்சிக்காரர்களைச் சுட. திரையில் கிராமத்தின்மீது குண்டுபோடும் அந்தப் பிரபலமான காட்சியை இது தெரிந்த பிறகு பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. இரண்டு படங்களிலும் கதை அமெரிக்கர்களுடையதுதான், வியட்நாமியர்கள் ஓரமாகத்தான் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆதரித்த படமும் எதிர்த்த படமும் அந்த விஷயத்தில் ஒன்றுதான்.

யார் பேசவில்லை என்று பார்ப்பது எப்போதுமே பலன் தரும். 2023-ல் வந்த ‘ஆப்பன்ஹைமர்’ நம் ஊர்த் திரையரங்குகளிலும் நிரம்பி ஓடியது. கீதை வசனத்தைப் படம் வைத்த இடம் பற்றி நாம் போட்ட சண்டையில் மற்றதெல்லாம் காணாமல் போயிற்று. அதில் ஹிரோஷிமாவோ நாகசாகியோ ஒரு காட்சியில்கூட இல்லை. ஆப்பன்ஹைமரின் கண்ணால் சொல்லும் கதை, அவரே தூரத்திலிருந்துதான் கேள்விப்பட்டார் என்று அதற்கு நியாயம் சொல்ல முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1945 ஜூலை 16-ல் முதல் குண்டை வெடித்துப் பார்த்த நியூமெக்ஸிகோவைப் படம் ஆளில்லாப் பாலைவனம் போலக் காட்டுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. சுற்று வட்டாரத்தில் பண்ணைகள் இருந்தன, ஊர்கள் இருந்தன. சாம்பல் அவர்கள் கூரையிலும் தொட்டியிலும் விழுந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இனி ‘மிசிசிப்பி பர்னிங்’. இந்தக் கட்டுரையில் வரும் படங்களிலேயே என்னை அதிகம் குழப்பியது இதுதான். 1964 ஜூன் 21 இரவு மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் இயக்கத்தில் இருந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் சேனி, வயது 21, உள்ளூர் கறுப்பினத்தவர். ஆண்ட்ரூ குட்மன், 20. மைக்கேல் ஷ்வெர்னர், 24. பின்னவர்கள் இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த யூதர்கள். போலீஸ் பிடித்துவைத்து, இரவில் விடுவித்து, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கும்பலிடம் மாட்டவிட்டது. உடல்கள் 44 நாள் கழித்து, ஆகஸ்ட் 4-ல், ஒரு மண் அணைக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டன.

1988-ல் வந்த படத்தில் இந்த மூவருக்கும் பெயரே கிடையாது. தொடக்கத்தில் சாகிறார்கள், அவ்வளவுதான். அதன்பின் கதை இரண்டு வெள்ளை எஃப்.பி.ஐ. அதிகாரிகளுடையது. கறுப்பின மக்கள் பயந்து, அழுது, தேவாலயத்தில் பாடுகிறார்கள். அந்தக் கோடையில் உயிரைப் பணயம் வைத்து ஊர் ஊராகக் கூட்டம் நடத்தியவர்கள் அவர்கள்தான் என்பதற்குப் படத்தில் அடையாளமே இல்லை. எஃப்.பி.ஐ. நாயகன் என்பது இன்னும் கொடுமை. அதன் தலைவர் எட்கர் ஹூவர் அதே 1964-ல் மார்ட்டின் லூதர் கிங் தங்கும் அறைகளில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் கிங்கை மிரட்டி ஒரு மொட்டைக் கடிதம் போனது, அனுப்பியது எஃப்.பி.ஐ. உடல்கள் இருந்த இடம் தெரியவந்ததும் படத்தில் வருவதுபோலக் கண்ணீரிலோ உதையிலோ அல்ல. பணம் கொடுத்து வாங்கிய துப்பு.

இவ்வளவு குறை உள்ள படத்தை வரலாறு படிக்கிறவர்கள் ஒதுக்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் குழப்பம். 1989 ஜனவரியில் மிசிசிப்பி தலைநகர் ஜாக்சனில் ‘கிளாரியன் லெட்ஜர்’ நாளிதழின் இளம் நிருபர் ஜெர்ரி மிட்செல் இந்தப் படத்தைப் பார்க்கப் போனார். அந்த வழக்கை உண்மையிலேயே விசாரித்த முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரிகளும் அன்று அங்கே இருந்தார்கள். படம் முடிந்ததும் பேச்சு வந்தது. 1967-ல் நடந்த மத்திய அரசு வழக்கில் சதிக்குற்றத்துக்காக ஏழு பேருக்குத்தான் தண்டனை. கொலைக் குற்றத்துக்கு யார்மீதும் வழக்கே போடவில்லை என்று அவர் அப்போதுதான் கேள்விப்பட்டார். தூக்கம் போயிற்று. பழைய கோப்புகளைத் தோண்ட ஆரம்பித்தார். அவர் கிளப்பிய தூசியில் முதலில் சிக்கியது வேறொரு வழக்கு: 1963-ல் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்ற பைரன் டி லா பெக்வித் 31 வருடம் கழித்து, 1994-ல் சிறைக்குப் போனார். அப்புறம் 2005 ஜூன் 21 அன்று, அந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டுச் சரியாக 41 வருடம் ஆன நாளில், கும்பலைத் திரட்டிய எட்கர் ரே கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வயது 80. 1967-ல் பன்னிரண்டு ஜூரிகளில் ஒரே ஒருவர், ‘ஒரு போதகரை எப்படிக் குற்றவாளி என்பேன்’ என்று மறுத்ததால் தப்பியவர்.

பொய் கலந்த படம் உண்மையைத் தோண்ட ஓர் ஆளை அனுப்பிவைத்தது. ஆலிவர் ஸ்டோனின் ‘ஜே.எஃப்.கே.’ (1991) கதையும் ஏறக்குறைய இதுதான். கென்னடி கொலைச் சதியில் பங்குண்டு என்று படம் சொல்லும் நியூஆர்லியன்ஸ் வியாபாரியை 1969-ல் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் விடுதலை செய்துவிட்டார்கள். வழக்கில் அவ்வளவுதான் சரக்கு. ஆனால் கொலை தொடர்பான கோப்புகள் 2029 வரை பூட்டிக் கிடக்கும் என்று படத்தின் முடிவில் ஒரு வாசகம் போட்டார்கள். அது உண்மை. மக்கள் கொதித்தார்கள். மறு வருடமே கோப்புகளைத் திறக்கச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஆய்வாளர்கள் படிக்கும் லட்சக்கணக்கான பக்கங்கள் அந்தப் படத்துக்குக் கடன்பட்டவை. அவற்றில் பல பக்கங்கள் படத்துக்கே எதிராகப் பேசும் என்பது வேறு விஷயம்.

எல்லாப் படமும் இப்படி நல்லதில் முடிவதில்லை. 1915-ல் கிரிஃபித் எடுத்த ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தெற்கை மீட்க வந்த வீரர்களாகக் கு கிளக்ஸ் கிளானைக் காட்டியது. அதிபர் உட்ரோ வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். வில்சன் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர்; அவர் புத்தகத்து வரிகளையே படத்தின் எழுத்து அட்டைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில், ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மலையுச்சியில் சிலர் சிலுவையைக் கொளுத்திக் கிளானை மறுபடி தொடங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிளானுக்குச் சிலுவை கொளுத்தும் வழக்கமே இருக்கவில்லை. படத்துக்கு ஆதாரமான நாவலிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து மலைக்கும் வந்த சடங்கு அது. பத்து வருடத்தில் உறுப்பினர் எண்ணிக்கை லட்சங்களில் போயிற்று. இந்தப் படம் உள்நாட்டுப் போரைப் பற்றி எதுவும் கற்றுத்தராது. 1915-ஐப் பற்றி இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

கடைசியாக ‘செல்மா’. ஆவா டுவெர்னே இயக்கியது, 2014. அலபாமாவின் செல்மா நகரத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1965-ல் நடந்த போராட்டம். அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள்; பட்டியலில் இருந்தவர்கள் சில நூறு பேர். தொடக்கத்தில் ஆன்னி லீ கூப்பர் என்ற பெண் பதிவுக்கு வருகிறார். அரசியல் சாசனத்தின் முகவுரையைச் சொல் என்கிறார் குமாஸ்தா, சொல்கிறார். அலபாமாவில் எத்தனை மாவட்ட நீதிபதிகள்? 67. அவர்கள் பெயரையெல்லாம் சொல். அவ்வளவுதான், விண்ணப்பத்தின்மேல் முத்திரை விழுகிறது. தெற்கு மாநிலங்கள் எப்படி வாக்குரிமையைச் சட்டப்படி பறித்தன என்பதை மூன்று நிமிடத்தில் சொல்லும் காட்சி.

படத்தில் கிங் மேடையில் பேசும் எதுவும் கிங் பேசியதல்ல. அவருடைய உரைகளின் உரிமை குடும்பத்திடம் இருக்கிறது; திரைப்பட உரிமையை ஏற்கெனவே வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இயக்குநர் அந்த உரைகளின் தாளத்தைப் பிடித்துப் புதிதாக எழுதினார். பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் படத்திலிருந்து கிங்கை மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பெரிய சண்டை அதிபர் ஜான்சனைப் பற்றி வந்தது. படத்தில் அவர் முட்டுக்கட்டை போடுகிறவர். அவருடைய முன்னாள் உதவியாளர் ஜோசஃப் கலிஃபானோ கொதித்துப்போய், செல்மா போராட்டமே ஜான்சனின் யோசனைதான் என்று எழுதினார். இரண்டையும் சரிபார்க்க இன்று வீட்டிலிருந்தே முடியும். ஜான்சன் தன் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்தவர். அவற்றை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1965 ஜனவரி 15-ம் தேதிப் பதிவைக் கேளுங்கள். அன்று கிங்கின் பிறந்தநாள். வாக்குரிமை மறுப்பு எந்த ஊரில் படுமோசமோ அதைக் கண்டுபிடித்து வானொலி, தொலைக்காட்சி, தேவாலயம் எல்லாவற்றிலும் பரப்புங்கள் என்று ஜான்சன் கிங்குக்கு எடுத்துச் சொல்கிறார். முட்டுக்கட்டை போடுகிறவர் இப்படிப் பேச மாட்டார். அந்த அளவில் படம் அவருக்கு அநியாயம் செய்தது. ஆனால் கிங் செல்மாவின் பிரவுன் சேப்பல் தேவாலயத்தில் போராட்டத்தைத் தொடங்கி வைத்தது ஜனவரி 2. பதின்மூன்று நாள் முன்பே! அவருக்கும் முன்பிருந்தே மாணவர் இயக்கத்தார் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். உதவியாளர் சொன்னதும் நிற்கவில்லை.

படம் எடுத்த வருடத்தையும் பார்த்துவிடுவோம். 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஒரு பிரிவைச் செல்லாது என்றது. 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞனைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. படம் முடியும்போது ஒலிக்கும் பாட்டில் ஃபெர்குசனின் பெயரே வருகிறது, மறைத்துச் சொல்லவில்லை.

படத்தின் நடுவில் அந்தப் பாலம். 1965 மார்ச் 7, ஞாயிறு. எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டிய சுமார் 600 பேரை மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கியது, குதிரைப்படை விரட்டியது. ஊர்வலத்தின் முன்னால் நடந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. படம் இதை நன்றாகவே எடுத்திருக்கிறது. மக்கள் தங்கள் வீடுகளில் தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலவும் இடையிடையே காட்டுகிறது. ஆனால் அவர்கள் அதற்கு முன் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடியது. 1961-ல் எடுத்த ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’. தொலைக்காட்சியில் முதல்முறை என்பதால் கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாஜி நீதிபதிகளை விசாரிக்கும் கதை. தங்கள் ஊரில் நடந்த கொடுமை தெரியவே தெரியாது என்று நல்ல ஜெர்மானியர்கள் ஒவ்வொருவராகச் சொல்லும் கதை. படத்தை நடுவில் நிறுத்தி, செல்மாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த பிலிம் சுருளைப் போட்டார்கள். தடி, புகை, குதிரை, அலறல். இதுவும் படத்தில் வரும் ஜெர்மனிதானோ என்று முதலில் சிலர் குழம்பியதாகச் சொல்வார்கள். சுமார் பதினைந்து நிமிடம் ஓடியது. பிறகு ஏபிசி விட்ட இடத்திலிருந்து படத்தைத் தொடர்ந்து போட்டது.